கடைமடைக்குக் கீழே

பேனரில் இருக்கும் மஞ்சள் மீன்
ஹேவ்லாக்கில் நான் எடுத்தது.
இங்கே அது கிடையாது என்று
பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுவேன்.
அந்தமானில் ஏழு வருடம்
தேனிலவுக்காரர்களைக் கைபிடித்து இறக்கினேன்.
முப்பது மீட்டருக்குத் தெளிவு.
தங்கள் நிழல் மணலில் விழுவதைப் பார்த்துச் சிரித்து
முகமூடிக்குள் தண்ணீர் விட்டுக்கொள்வார்கள்.
பழையாற்றில்
நல்ல நாளென்றால் மூன்று மீட்டர்.
மற்ற நாளில் என் முழங்கை எனக்குத் தெரியாது.

தையல்நாயகி தனியாக வந்தார்.
எக்ஸெல் வண்டி, நாற்பத்தாறு வயது,
கையில் டாக்டர் கொடுத்த சீட்டு.
"மீன் பாக்க வரல தம்பி.
கொள்ளிடத்துல ஒன்றரை லட்சம் கன அடி போச்சு.
எங்க வாய்க்கால்ல நண்டு காஞ்சு கிடக்கு.
வீணா கடலுக்குப் போவுதுன்னு
டிவில தெனம் சொல்றான்.
எங்கதான் போவுதுன்னு பாக்கணும்."

உப்பனாற்றில் இரண்டு நாள் மூச்சு பழகினார்.
கட்டைவிரலைத் தூக்கினால்
சரி என்று அர்த்தமில்லை,
மேலே போகணும் என்று அர்த்தம் என்றேன்.
"எங்க லஸ்கர் தூக்குனா
மதகு தொறக்கும்" என்றார்.
அதை மட்டும் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

வெள்ளம் வடிந்த பதினோராம் நாள்.
குட்டியாண்டி படகை நிறுத்திய இடத்தில்
கடலுக்கு ஒரு வரப்பு இருந்தது.
இந்தப் பக்கம் டீ நிறம்,
அந்தப் பக்கம் பச்சை.
நடுவில் நுரை, செருப்பு ஒன்று,
வேரோடு மிதக்கும் ஆகாயத்தாமரை.
"நீவாடு லேசுதான், எறங்குங்க."

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.
முதல் இரண்டு மீட்டர்
மூடிய கண்ணும் திறந்த கண்ணும் ஒன்று.
பிறகு தண்ணீர் நெளிந்தது,
மத்தியானத் தார்ச்சாலைமேல் காற்று நெளிவதுபோல.
மேலே ஆறு, கீழே உப்பு,
இன்னும் கலக்கச் சம்மதிக்காத இரண்டு.
அதற்குள் கையை விட்டார், எடுத்தார்,
மறுபடி விட்டார்.
சர்க்கரை கரைகிறதா என்று
டம்ளரைத் தூக்கிப் பார்ப்பவரைப் போல.

பதினோரு மீட்டரில்
என்றோ முழுகிய விசைப்படகு.
அதன் இன்ஜின் பெட்டிக்குள் ஒரு களவா
வீட்டுக்காரனைப் போல எட்டிப் பார்த்தது.
டார்ச் வெளிச்சத்தில்
சல்லடையிலிருந்து மாவு விழுவதுபோல
வண்டல் விழுந்துகொண்டே இருந்தது,
அவசரமில்லாமல்.
விழுவதற்குள்
நெத்திலிக் கூட்டம் எதிர்த்துத் திரும்பி,
ஆயிரம் வாயும் திறந்து,
அதற்குள் போய் வந்தது.
போய் வந்தது.

அவர் ஒரு பிடி சேற்றை அள்ளி
விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார்.
நடவுக்கு முன்னால் பார்ப்பார்களே, அப்படி.
சிலேட்டை வாங்கி எழுதினார்:
முறை யாருக்கு?

இதற்குப் பதில் சொல்ல
எங்கள் சைகைகளில் ஒன்றும் இல்லை.
அழுத்தமானியைக் காட்டினேன்:
எழுபது பார்.
கட்டைவிரலைத் தூக்கினேன்.
அவர் மதகு திறப்பதுபோல் தலையாட்டினார்.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.
பழுப்புக் கூரைபோல் ஆறு
தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.
அதன் அடியில் தொங்கினோம்.

படகில் ஏறியதும்
குட்டியாண்டி கேட்டான்,
"என்னக்கா தெரிஞ்சுது?"
வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.
"நெத்திலி கிலோ என்ன?"
சொன்னான்.
"வெள்ளம் வந்தா வெல எறங்குமா?"
"வெள்ளம் வந்தா வல கிழியும்."
இருவரும் அதற்குமேல் பேசவில்லை.
கரை தெரிந்தபோது என்னிடம் சொன்னார்,
"கலெக்டர்கிட்ட மனு குடுத்திருக்கேன்.
அத வாபஸ் வாங்க மாட்டேன்.
எனக்குத் தண்ணி வந்தாவணும்.
வீணான்னு ஒரு எடத்துல எழுதிட்டேன்.
அந்த வார்த்தைய மட்டும் அடிச்சுடணும்."

பதிவேட்டில் ஆழம், நேரம் எழுதினேன்.
தெளிவு என்ற கட்டத்தில்
இரண்டு மீட்டர், அதுவும் சில இடத்தில்.
கையெழுத்துப் போடச் சொன்னேன்.
போட்டார்.
பழக்கதோஷம்,
பக்கத்திலேயே
சர்வே எண்ணையும் எழுதினார்.