இந்தா என்பது எத்தனை நிமிஷம்

நின்றால் சிவப்பு. ஓடினால் பச்சை.
பணகுடிக்குக் கிழக்கே அறுபத்திரண்டு காத்தாடிகளும்
என்னோடு இப்படித்தான் பேசும்.
மனுஷர்தான் "இந்தா வாரேன்" என்பார்கள்.

ஞானதிரவியம் சார் ஒருநாள்
"இந்தா வாரேன், திரையப் பாத்துக்கோ" என்று போனார்.
தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை நான்.
காவல்கிணறு விலக்கில் தேங்காய் விலை பேசி முடித்து
அவர் திரும்பியபோது
என் ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.
"நீ இன்னுமா போகல?"
எல்லாரும் சிரித்தார்கள்.
எதற்கென்று எனக்கு இரவெல்லாம் புரியவில்லை.

நாற்பத்தோராம் வயதில் பாளையங்கோட்டை டாக்டர்
அதற்கொரு பெயர் சொன்னார்.
பஸ்ஸில் மூன்றடைப்பு வரும்வரை
அந்தப் பெயரையே எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆட்டிசம்.
ஐந்து எழுத்து, இரண்டின் தலையில் புள்ளி.

கம்பெனி ஒரு பயிற்சியாளரை ஏற்பாடு செய்தது.
செவ்வாய்தோறும் நாலு பத்துக்குப் போன் திரையில் ஷப்னம்,
மேலப்பாளையத்துக்காரி,
என்னைவிடப் பதினாலு வயது சின்னவள்.
கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லித் தருவியளா என்று
முதல் நாளே கேட்டுவிட்டேன்.
"எதுக்குக்கா? கண்ணு காத்தாடிமேல இருக்கட்டும்.
காது எங்கிட்ட இருந்தாப் போதும்."
முப்பது வருஷமாய்
எதிராளியின் இரண்டு புருவங்களுக்கு நடுவில்
குறிவைத்துப் பழகிய என் கண்ணை
அன்றைக்குத்தான் இறக்கி வைத்தேன்.

பிறகு செயலியில் ஓர் அட்டவணை போட்டோம்,
யாருடைய இந்தா எவ்வளவு என்று.
சார்: நாற்பது நிமிஷம். மழை வந்தால் நாளைக்கு.
கேன்டீன் அக்கா: பதினொன்று, சில நாள் பன்னிரண்டு.
சொரிமுத்து: தெரியாது.

சொரிமுத்துக்கு வேறு பெயர், ஏடிஹெச்டி.
எண்பது மீட்டர் ஏறிய பிறகு
ஸ்பேனரை மறந்தேன் என்று இறங்குவான்.
இறங்கினதும் எதற்கு இறங்கினோம் என்பதை மறந்து
நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருப்பான்.
அவன் போனிலும் ஷப்னம் இருக்கிறாள், சேவல் குரலில்.
முதல் கூவல்: இடுப்பைத் தடவு.
இரண்டாவது: பையைத் தடவு.
மூன்றாவது: ஏறு.
அவனோ ஒவ்வொரு கூவலுக்கும் பதில் கூவினான்.
என் காதுக்கு ஹெட்போன் வாங்க வேண்டியதாயிற்று.
அவன் மருந்து எனக்கு நோவு,
ரெண்டுக்கும் கம்பெனிதான் பில் கட்டியது.

ஆடி போய்க் காற்று தளர்ந்த ஒரு வெள்ளிக்கிழமை
முப்பத்தேழாம் காத்தாடி சிவப்பு.
சொரிமுத்து போயிருந்தான்.
சார் வாசலில் வந்து நின்றார்,
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அவர் மனைவி ஐந்தாம் நாளாக.
"புஷ்பம், செத்த இங்கன இருந்துக்கிடுதேன்."
அட்டவணையில் செத்த என்ற சொல்லே இல்லை.
"எத்தனை நிமிஷம் சார்?"
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
"தெரியலம்மா."

பொய் சொல்லாத ஒரு பதில்.
நாற்காலியை இழுத்துப் போட்டேன். தண்ணீர் வைத்தேன்.
ஆறுதலுக்கு என்ன சொல்வார்கள் என்று
செயலியிலும் தேடலாம், தேடவில்லை.
இரண்டு பேரும் முப்பத்தேழையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஐந்து நாற்பதுக்குப் போன் அதிர்ந்தது:
வீட்டுக்குப் போகும் நேரம்.
தள்ளிவை என்றொரு பொத்தான் அதில் இருக்கிறது,
அதுவரை நான் தொட்டதில்லை.

அப்போது வாக்கிடாக்கி கரகரத்தது.
"இந்தா ஏறிட்டேன்" என்றான் சொரிமுத்து.
அவன் குரலுக்குப் பின்னால்,
மிக அருகில்,
நாய் குரைத்தது.