ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள்

குலுங்கினால் ரத்தம் உடையும்.
படிப்பில் இதை ஒருமுறை தெரிந்துகொண்டேன்,
அயனாவரம் ரோட்டில் பலமுறை.

வைக்கோல் நிறத்தில் தெளிய வேண்டிய சீரம்
ரோஸ்மில்க் மாதிரி நிற்கிறது என்று
லேபிலிருந்து ஃபோன் வரும்.
"பொட்டாசியம் ஏழு காட்டுது மேடம், நம்ப முடியாது.
திரும்ப எடுத்துட்டு வாங்க."

திரும்ப என்றால்
கெல்லீஸ், மூன்றாம் மாடி, அருமைநாயகம்.
டயாலிசிஸ் கையைத் தொடக் கூடாது.
மற்ற கையில்
நரம்பென்று ஒன்று மிச்சமிருப்பது
எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.
சட்டையை அவரே மடித்துவிட்டுக் கேட்டார்:
"நேத்து எடுத்த ரத்தம் என்னம்மா ஆச்சு?"
ரோடு குடித்துவிட்டது என்று
எப்படிச் சொல்ல.

மெட்ரோவுக்காகத் தோண்டியது, மூடியது,
மூடியதை மழை தோண்டியது.
என் ஸ்கூட்டர் மூன்றாவது கை.
பின் ஷாக்கில் எண்ணெய் வழிந்து
மண்ணோடு சேர்ந்து கறுப்பு அடை தட்டியிருந்தது.

கஃபார் சீட்டை இரண்டு கையாலும் அழுத்தி விட்டான்.
கீழே போனது, எழுந்தது.
மறுபடி போனது, எழுந்தது.
மூன்றாம் முறையும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.
"ஒருக்கா போய் ஒருக்கா வந்து நிக்கணும்க்கா.
இது வண்டியில்ல, தூளி."

புதுசு இரண்டாயிரத்து அறுநூறு.
கையில் ஆயிரத்து இருநூறு,
அதற்கு மேல் போனால் கேஸ் சிலிண்டர்.

புதுப்பேட்டையில்
முன்பக்கம் மட்டும் நொறுங்கிய வண்டி ஒன்றின்
பின் ஷாக் கிடைத்தது.
ஓட்டியவருக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை.
விலை கேட்டேன். எழுநூறு என்றார்,
ஐநூற்றைம்பதுக்கு இறங்கினார்.
புஷ் ரப்பர் தொண்ணூறு.
கோன் செட் இருநூற்று எண்பது.
கஃபார் கூலி முந்நூறு கேட்டு
என் மூஞ்சியைப் பார்த்து இருநூறாக்கினான்.
பின் டயரில் காற்று முப்பத்தாறிலிருந்து முப்பது:
இறக்குவதற்குக் காசில்லை,
ஆனாலும் பங்க் பையன் கையை நீட்டினான்.
பெட்டிக்குள் டியூப் ஸ்டாண்டுக்கு அடியில்
என் தலையணையிலிருந்து ஒரு துண்டு பஞ்சு.

முதல் நாள் மெத்தென்று போனது.
ஓட்டேரி பாலத்துத் திருப்பத்தில்
வால் தனியாக ஒரு பக்கம் கிளம்பியது.
அலறியது நானா பின்னால் வந்த ஷேர் ஆட்டோவா தெரியாது.
கஃபார் ஸ்பேனரால் ஸ்பிரிங்கை ஒரு பல் ஏற்றினான்.
"மெத்தும் வேணும், வளைஞ்சா நிக்கவும் வேணும்.
ரெண்டுலயும் கொஞ்சம் விட்டுக்குடுங்க."

சோதிக்க ரத்தமா எடுக்க முடியும்?
காலி டியூபில் தண்ணீர், ஒரு சொட்டு ஷாம்பு.
வீட்டிலிருந்து கெல்லீஸ் வரை ஓட்டி
நுரையை விரலால் அளந்தேன்.
பழைய ஷாக்கில் இரண்டு விரல்.
இப்போது ஒரு நகம்.

செவ்வாய்க்கிழமை அவர் கையில் மெல்லத் தேடி
ஒரே குத்தில் எடுத்தேன்.
பதினொன்று ஆனது. ஃபோன் வரவில்லை.
ஒன்றரை ஆனது. சாப்பிட்டேன்.
நாலு மணிக்கு வந்தது:
சாம்பிள் சுத்தம். பொட்டாசியம் ஆறு புள்ளி நாலு.

இந்த முறை ரத்தம் உடையவில்லை.
நிஜமாகவே ஆறு புள்ளி நாலு.
அன்று சாயங்காலமே
அவரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.
ஆட்டோவிலிருந்து கூப்பிட்டார்:
"இந்த தடவை நீ திரும்ப வரலையேம்மா?"
இல்லைங்க, என்றேன்.
அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.
பின்னணியில் அவர் ஆட்டோ
ஏதோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும் சத்தம்.

கோன் செட் புதுசு,
ஹேண்டில் தானாகவே நேராகப் போகிறது.
நான்தான் பழக்கத்தில்
இன்னும் இடது பக்கம் இழுத்துப் பிடிக்கிறேன்.