ஏழரை

ஏழரை என்றால் நமக்குச் சனி.
அகிதா நகரத்தின் ஆற்றோர அங்காடியில்
அது நெமோதோ பின்கதவைத் தள்ளிக்கொண்டு வரும் நேரம்.
கையில் ஒட்டுவில்லைச் சுருள்.
மஞ்சளில் சிவப்பாய் இரண்டே எழுத்து:
பாதி விலை.

ஆறு மணிக்குப் பத்து சதவீதம் ஒட்டிவிட்டுப் போனார்.
யாரும் அசையவில்லை.
ஆறே முக்காலுக்கு முப்பது.
கல்லூரிப் பையன் ஒருவன் மட்டும் பசி தாங்காமல்
பொரித்த கோழியோடு நழுவினான்.
அவன் முதுகை எல்லோரும் பார்த்தார்கள்,
பரீட்சையைப் பாதியில் விட்டு எழுந்தவனைப்
பார்ப்பதுபோல.

வரிசை என்று எதுவும் இல்லை.
காத்திருப்பதாக யாரும் காட்டிக்கொள்வதும் இல்லை.
குராமோச்சி தம்பதி சோயா சாஸ் புட்டியின்
பின்பக்கத்தை வாசிக்கிறார்கள்.
நேற்று வாசித்த அதே புட்டி.
டாக்சி ஓட்டும் இஸாவா முட்டைப் பெட்டியைத் திறந்து
பத்தும் இருக்கிறதா என்று எண்ணி
மூடி வைக்கிறார்.

தொகியே தயிர்களுக்கு அருகில் நிற்கிறாள்.
பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை.
நாள் முழுக்கச் சிரித்த தாடை வலிக்கிறது.
கோட்டுப் பையில் சின்ன நோட்டு, அதைவிடச் சின்ன பென்சில்.
சால்மன் சோற்றுப் பெட்டி நானூற்றுத் தொண்ணூற்றெட்டு யென்.
(அந்த இரண்டு யென் பணிவு
யாரை ஏமாற்ற?)
மண்ணெண்ணெய் லிட்டருக்கு ஏறியது ஏழு.
இந்த மாதம் முழு விலை கொடுத்தது இரண்டுக்குத்தான்:
தபால்தலை, மின்விளக்கு.

இன்று அவள் ஒரு தப்பும் செய்திருக்கிறாள்.
ஐந்தரைக்கே வந்து,
இருந்த ஒரே சூரைமீன் வயிற்றுத் தட்டை
உருளைக்கிழங்கு சாலட் டப்பாக்களுக்கு அடியில்
தள்ளி வைத்துவிட்டாள்.
ஆயிரத்து இருநூற்று எண்பது.
பாதி, அறுநூற்று நாற்பது.
நோட்டில் முன்கூட்டியே எழுதியாகிவிட்டது.

ஏழு இருபத்தாறு.
கறுப்புக் கோட்டு, கறுப்பு டை.
மேல்பையில் சாவு வீட்டில் கொடுத்த உப்புப் பொட்டலம்
எட்டிப் பார்க்கிறது.
அந்த ஆள் நேராக வந்தார்,
சாலட்டை விலக்கினார்,
தட்டை எடுத்தார்.
விலையைப் பார்க்கவே இல்லை.

தொகியேயின் வாய் அவளைக் கேட்காமல் திறந்தது.
"இன்னும் நான்கு நிமிடம்."

அவர் அவளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.
சோயா சாஸ் புட்டியை, முட்டையை,
அசையாமல் நிற்கும் ஒன்பது பேரைப் பார்த்தார்.
அவருக்குப் புரிந்துவிட்டது.
தட்டோடு அங்கேயே நின்றார்,
பத்தாவது ஆளாக.

நெமோதோ வந்தார்.
சோற்றுப் பெட்டிக்கு ஒன்று, கானாங்கெளுத்திக்கு ஒன்று,
டப், டப், மழைக்கு முந்தின துளிபோல்.
அந்த மனிதர் தட்டை நீட்டினார்.
நெமோதோ இடுப்பு வளையக் குனிந்தார்:
"மன்னிக்கணும். வாடிக்கையாளர் கையில் இருப்பதற்கு ஒட்டக் கூடாது.
விதி."

தட்டு அலமாரிக்குத் திரும்பியது.
வில்லை விழுந்தது.
ஒரு நொடி அது யாருடையதும் இல்லை.
நீங்கள் எடுங்கள் என்று அவர் தலைசாய்க்க,
இல்லை நீங்கள் என்று இவள் தலைசாய்க்க,
இரண்டு வணக்கத்துக்கும் நடுவே
இஸாவாவின் கை வந்து போனது.

சூரை போயிற்று.
முட்டைக்காரர் காசாளரிடம் போய்ச் சேர்ந்தும்விட்டார்.

மிஞ்சியது சாலட், இரண்டு டப்பா.
ஆளுக்கு ஒன்று.

வெளியே பனி,
யாருக்கும் தள்ளுபடி இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது.
சைக்கிள் கொட்டகையில் தொகியே நோட்டை எடுத்தாள்.
அறுநூற்று நாற்பதை அடித்தாள்.
கொஞ்சம் யோசித்து,
மிச்சம் என்ற பத்தியில்
ஆயிரத்து இருநூற்று எண்பது என்று எழுதினாள்.
வாங்காத மீனில் முழு விலையும் லாபம்தானே.

பின்னாலிருந்து குரல்.
"நாளைக்கும் ஏழரைதானா?"

அவள் பூட்டைத் திறந்தபடி சொன்னாள்,
"நாளை ஞாயிறு.
ஏழுக்கே ஒட்டிவிடுவார்."