எட்டு ஆண்டு உத்தரவாதம்

வெஸ்ட்மீட்டில் எங்கள் மொட்டைமாடிக்குப்
புல் வந்தது சுருள்சுருளாக,
லிஃப்ட்டில் ஆள்போல நின்றுகொண்டு.

புல்லுக்குத் திசை உண்டு என்றார்
அதை விரிக்க வந்த விலியாமி.
தடவிக் காட்டினார்:
இப்படிப் போனால் பூனை,
அப்படிப் போனால் முள்ளம்பன்றி.
எல்லாச் சுருளும் ஒரே பக்கம் சாய வேண்டும்,
இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட இடம்
காட்டிக்கொடுத்துவிடும்.
பசை, நாடா, மணல்,
கடைசியில் துடைப்பம்.
புல்லைப் பெருக்கி நிமிர்த்துவதை
அன்றுதான் பார்த்தேன்.

நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர்,
வேறு யாரும் கை தூக்காததால்.
கூட்டக் குறிப்பில் ஆங்கிலத்தில் எழுதினேன்.
அங்கே பச்சைக்கும் பசுமைக்கும்
ஒரே சொல்தான்,
வசதியாகப் போயிற்று.

ஜனவரி. நாற்பத்து மூன்று டிகிரி.
பதினோராம் எண் வீட்டு நாய்
ஒரு காலை ஊன்றி
மூன்றைத் தூக்கப் பார்த்தது.
சாயங்காலம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தோம்,
வளர்வதற்கு அல்ல,
மிதிப்பதற்கு.
ஆவி எழுந்தது,
அந்த நாய் ஒரு மாதமாகச் செய்துவைத்த
அத்தனையின் வாடையோடும்.

பிப்ரவரியில் ஒரு கோடு.
பார்பிக்யூ மேடையில் தொடங்கி வில்லாக வளைந்து
துணிக்கொடி வரைக்கும்
புல் உருகிச் சுருண்டு கிடந்தது,
பொசுங்கிய முடிபோல.
சிகரெட் என்றார் ஒருவர்.
வாடகைக்கு இருப்பவர்கள் என்றார் இன்னொருவர்,
குழாய் ஒழுகினாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

இரவு முழுக்க ரத்த மாதிரிகள் பரிசோதித்துவிட்டுப்
பகலில் தூங்குகிறவள் நான்.
ஒருநாள் தூக்கத்தை விட்டு மேலே போய்க்
குடைக்கடியில் உட்கார்ந்தேன்.
மூன்று நாற்பதுக்கு வந்தது.
எதிர்க் கட்டடம், ஒன்பதாவது மாடி,
ஒரேயொரு ஜன்னல்.
அதன் கண்ணாடி தட்டிவிட்ட வெயில்
ஒரு கை அகலத்துக்கு
நத்தைபோல ஊர்ந்து போனது புல்லின்மேல்.
விரலை நீட்டினேன்,
நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டேன்.

உத்தரவாத அட்டையில் ஆறாம் பக்கம்,
எறும்பு எழுத்தில்:
பிரதிபலித்த வெயிலுக்குக் கம்பெனி பொறுப்பல்ல.
வக்கீல் நோட்டீஸ் என்றாள் தலைவி ஜோசலின்.
நான் தெருவைக் கடந்து போய் மணியடித்தேன்.

டிராகானா கதவைத் திறந்தாள்,
முழங்கைவரை மாவு.
உங்கள் ஜன்னல் எங்கள் புல்லை எரிக்கிறது என்றேன்.
நிஜப் புல்லா?
இல்லை.
மாவுக் கையைப் பார்த்தபடி யோசித்தாள்.
அப்படியென்றால்
அது தானாக ஆறாதே.

அன்றிலிருந்து
மூன்றரைக்கு அந்த ஜன்னலை அரைச் சாண் தள்ளித் திறக்கிறாள்.
வெயில் இடம் மாறி
லிஃப்ட் மோட்டார் அறையின் சுவரில் போய் அடிக்கிறது.
சுவருக்கு ஒன்றுமில்லை.

விலியாமி வந்து மிச்சத் துண்டுகளால் ஒட்டுப்போட்டார்.
ஒரு துண்டு மட்டும் திருப்பி வைத்தால்தான் பொருந்தியது.
காலையில் தெரியாது.
சாயும் வெளிச்சத்தில் பார்த்தால்
தலையில் சுழி மாதிரி.

இப்போதெல்லாம் அலாரம் இல்லாமலே
மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
திரையை விலக்கிப் பார்ப்பேன்,
ஜன்னல் அசையும்,
மறுபடி படுத்துக்கொள்வேன்.

நேற்று அசையவில்லை.
முப்பத்தைந்து. முப்பத்தெட்டு.
நைட்டியோடு குடையை எடுத்துக்கொண்டு
படியேறி ஓடினேன்.
இருபத்தைந்து நிமிஷம்
அந்த வெளிச்சம் நகர நகர நானும் நகர்ந்து
பிளாஸ்டிக்குக்குக் குடை பிடித்தேன்.
நாய் நிழலில் படுத்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாலே காலுக்கு ஃபோன் அதிர்ந்தது.
பல் டாக்டரிடம் மாட்டிக்கொண்டேன், மன்னிக்கவும்,
புல் எப்படி இருக்கிறது?

குனிந்து பார்த்துவிட்டு
பதில் அனுப்பினேன்:
அப்படியேதான் இருக்கிறது.