பத்தரையைக் கழித்தால்

பாடாங் செராயில் பழைய தோட்டத்துத் திடல்.
கோல் கம்பம் ஒன்றுதான் மிச்சம். மற்றதைப் போன வருடம்
இரும்புக்கடை லோரி கொண்டுபோனது.
புல்லின்மேல் கம்பிவலை விரித்து
ஈயம் உருக்கி ஒட்டுப் போட்டு
அதற்குத் தரை என்று பெயர் வைத்திருக்கிறோம்.
நிஜத் தரை கீழே அட்டைகளோடு கிடக்கிறது.

மேசையில் ஒரு விளக்கு.
பினாங்கில் அடுத்த வாரம் கப்பல் ஏற வேண்டிய
ஆறாயிரத்தில் ஒன்று.
எரிவது மட்டுமே தன் வேலை என்றிருக்கிறது.
எரியும்போதே பேசுகிறோம் என்று அதற்குத் தெரியாது.

நேற்று அறைக்குள் மூன்று மீட்டரில் அளந்தாயிற்று.
"பத்தரை டெசிபலைக் கழி, கோமளா,
பத்து மீட்டர் கணக்கு வந்துவிடும்" என்றார் மிஸ்டர் ஊய்.
கழித்தேன். இருபத்தொன்பதரை.
எல்லை முப்பது.
எல்லோரும் தே ஓ குடித்தார்கள்.

ஆனால் முப்பது மெகாஹெர்ட்ஸில்
ஓர் அலையின் நீளமே பத்து மீட்டர்.
மூன்று மீட்டரில் நிற்கிறவள் பார்ப்பது அலையை அல்ல,
இனிமேல் அலையாகப் போகிற ஒன்றை.
அங்கே மின்புலமும் காந்தப்புலமும்
இன்னும் ஒரு கணக்குக்கு வரவில்லை.
கொஞ்சம் கிளம்பிவிடுகிறது.
கொஞ்சம், வாசல்வரை வந்து
சாவியை மறந்ததுபோல உள்ளே திரும்புகிறது.
போவதும் திரும்புவதும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ள
கருவி ஒரு டெசிபல் குறைத்துச் சொல்கிறது.

பக்கத்தில் போனால் கூடத்தானே கேட்கும் என்று
யாரும் நினைப்பார்கள்.
என் தங்கையும் நானும் பதினாறு வருடம் ஒரே பாய்.
அவள் திக்கிப் பேசுவாள் என்பது
ஜொகூர் போய் அவள் முதல்முறை போன் செய்தபோதுதான்
எனக்குக் கேட்டது.

ஆகவே இன்று திடல்.
முகிலரசன் ஆன்டெனாவைச் செங்குத்தாக மாட்டி
ஒரு மீட்டரிலிருந்து நாலு மீட்டருக்கு ஏற்றுகிறான்.
வாங்கப்போகிற கோழியைத் திருப்பிப் பார்ப்பதுபோல
விளக்கை மேசையோடு சுற்றுகிறோம்.

முப்பத்தைந்து.
இன்னொரு சுற்று. முப்பத்தைந்தே.
இவ்வளவைத் தூரம் தராது. யாரோ தருகிறார்கள்.

செம்பனை வரிசை ஓரத்தில் ஓர் ஆள்,
குலை அறுக்கும் அலுமினியத் தடியை
நேராக ஊன்றி, அதில் சாய்ந்து
எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு.
தடி ஐந்து மீட்டர். சரியாகப் பாதி அலை.
அதுவும் எங்கள் விளக்கைக் கேட்டுக்கொண்டு
கேட்டதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றது.

அபாங், அதைக் கொஞ்சம் கீழே போடுங்கள்.
போட்டார். முப்பது புள்ளி நாலு.
தூக்கச் சொன்னேன். முப்பத்தைந்து.
போடச் சொன்னேன்.
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பெயர் ஸைனுரி. ஊர் லொம்போக்.
தடியைப் புல்லில் கிடத்தி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து
பொட்டலம் பிரித்தார், சோறும் நெத்திலியும்.
"டெங்கார் அபா, காக்?"
விளக்கை, என்றேன்.
மெல்லுவதை நிறுத்தி
ஒரு நிமிடம் காது கொடுத்தார், மரியாதைக்கு.

"புள்ளி நாலுக்கா?" என்றார் மிஸ்டர் ஊய்.
மழைக்கு முந்தின காற்றில் குரல் அறுந்து அறுந்து வந்தது.
"நேற்று இருபத்தொன்பதரை என்றாயே."
நேற்று பக்கத்தில் இருந்தேன், என்றேன்.
அதை அவர் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

படிவத்தில் எழுதினேன்:
தூரம் பத்து மீட்டர். அளந்தது.
கணக்கிட்டது அல்ல.
முடிவு என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் தாளைக் கிழித்தது.

தார்ப்பாய் இழுத்து விளக்கை மூடினோம்.
கருவியை முகிலரசன் இன்னும் அணைக்கவில்லை.
ஸைனுரி கை கழுவி, தடியை நிமிர்த்திக்கொண்டு
வரிசைக்குள் நடந்தார்.
திரையில் கோடு எழுந்தது, அமர்ந்தது,
ஒவ்வொரு மரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்து
எது அவர், எது மழை என்று
பிரிக்க முடியாமல் போகும்வரை
இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.