சவுனா, வீனா, தெர்வா

யூனியன் பிளேஸ் அலுவலகத்தில்
லிஃப்ட் கம்பிவடம் இரண்டு சுருளுக்குச்
சுங்கப் பத்திரம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.
பின்லாந்திலிருந்து வந்திருந்த ரீக்கா
என் சோற்றுப் பார்சல் பிரிக்காமல் கிடப்பதை
மூன்றாம் நாளும் பார்த்துவிட்டு
தன் ஊர்ப் பழமொழி ஒன்றைச் சொன்னாள்.
எனக்குக் கேட்டது மூன்றே சொல்.
மூன்றும் தமிழ்.

சாவுனா?
வீணா?
தீர்வா?

யார் உனக்கு இதைச் சொல்லித்தந்தது என்று
எழுந்துவிட்டேன். கதிரை விழுந்தது.
அவள் காதுவரை சிவந்து
கடுதாசியில் படம் போட்டாள்:
ஒரு மர அறை, ஆவி எழும் கற்கள்.
ஒரு போத்தல்.
ஒரு பைன் மரம், அடியில் சட்டி,
சட்டிக்குள் சொட்டும் கறுப்பு.
சவுனா, வீனா, தெர்வா.
நீராவிக் குளியல், சாராயம், தார்.
இந்த மூன்றும் கைவிட்டால்தான்
நோய் சாவில் முடியுமாம்.

நெஞ்சு நோவுக்குமா என்றேன்.
உடம்புக்குத்தான் சொல்லியிருக்கிறது,
ஆனால் எங்களூரில், என்றாள்,
உடம்பைத் தவிர வேறொன்றைப் பற்றி
யாரும் வாய் திறப்பதில்லை.

சரி.
நீராவிக்கு நான் எங்கும் போகவேண்டியதில்லை.
சித்திரை மாதம், 138ஆம் இலக்க பஸ்,
மிதிபலகை வரை ஆள்.
கண்ணில் வடிவதை வியர்வை என்று சொல்லிக்கொள்ள
கொழும்பைப் போல வசதியான ஊர் இல்லை.
மிச்சக் காசு தந்த கொண்டக்டர்கூட
என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாராயம்
தம்பியின் அலுமாரியில் இருந்தது,
சாரத்துக்குள் சுற்றிய கால் போத்தல்.
பதினொரு மாதமாக
எடுக்கவுமில்லை, எறியவுமில்லை.
மூடியைத் திறந்து மணந்தேன்.
சனிக்கிழமை இரவுகளில் கமலதாசன்
எனக்குத் தெரியாதென்று நினைத்து
ஏலக்காய் மென்றபடி வந்து நிற்பானே,
அதே மணம்.
ஏலக்காய் மட்டும் இல்லை.
மூடிவிட்டேன்.

தார் தானாக வந்தது.
கிருலப்பனைச் சந்திக்கு இப்பால்
மழைத்தண்ணீர் மூடிக் கிடந்த குழிக்கு,
அவன் பைக்கின் முன்சில்லு இறங்கிய அதே குழிக்கு,
இரவு பதினொன்றரைக்கு லொறி வந்தது.
சாபமிடத்தான் போனேன்,
வீட்டுச் செருப்போடு.
பதினொரு மாதம் எங்கேயடா இருந்தீர்கள் என்று
வாய்க்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.
குழியைச் சுற்றி நான்கு பேர்.
புகை.
தள்ளி நில்லுங்க அக்கா, சுடும், என்றான் ஒருவன்
சிங்களத்தில்.
தம்பி வயதில்லை அவனுக்கு, மூப்பு.
நல்லவேளை.
மணம் தலைக்கேறியது.
அடுக்கி வைத்த சாபம்
இருமலாகப் போய்விட்டது.
இந்த ஓரத்தில் காணாது, என்று
கையைக் காட்டினேன்.
இன்னொரு மண்வாரி போட்டான்.

அடுத்த நாள் ரீக்கா
தலையில் கைவைத்துக்கொண்டாள்.
அது இது இல்லையே!
தெர்வா மரத்தில் இருந்து வடிவது.
ரோட்டுக்குப் போடுவது வேறு.
மருந்து பிழை.

பிழைதான்.
ஆனால் எங்கள் தாரும் ஒன்றல்ல, ரீக்கா.
பழந்தமிழில் தார் என்றால் மாலை,
தோளில் கிடப்பது,
போட்டு அனுப்புவது.

இதைச் சொல்ல
என்னிடமிருந்த ஆங்கிலம் போதவில்லை.
சுங்கப் பத்திரத்தின் பின்பக்கத்தில்
ஒரு வீதி கீறினேன்.
வீதியில் ஒரு வட்டம்.
வட்டத்தைச் சுற்றிப் பூப்பூவாகக்
கீறத் தெரியாமல் கீறினேன்.
அவள் வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
முள்ளுக்கரண்டியை நீட்டி
என் பார்சலில் இருந்த கட்டைச் சம்பலை
அள்ளி வாயில் போட்டுவிட்டாள்.

கண்ணும் மூக்கும் ஒழுக,
சவுனா, சவுனா, என்றாள்.

பார்சலை என் பக்கம் இழுத்தேன்.