கொடுத்தவர் ஒப்பம்

ஆறேகாலுக்கு ஒன்றரைக் குளிசை.
ஆறரைக்குக் கொடுத்தால்
குளிசை அதேதான்,
யோகமலர் வேறு ஆள்.
கழுத்து சுவர்ப்பக்கம் திரும்பியபடி நின்றுவிடும்.
சில்லறை எண்ணுவதுபோல்
பெருவிரல் மட்டும் உரசிக்கொண்டிருக்கும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து செட்டிபாளையத்துக்குச் சைக்கிள்.
முப்பத்தொரு வருடம் கல்முனை பஸ்ஸில் கண்டக்டர் நான்.
பிந்திய பஸ்ஸுக்கு வாங்கிய ஏச்சுகள்தான்
எனக்கு மணிக்கூடு.

இல்லத்தில் பத்தொன்பது கட்டில், காலையில் நிலக்ஷி ஒருத்தி.
பன்னிரண்டாம் கட்டிலுக்கு அவள் தட்டு வந்துசேர ஏழாகும்.
அதற்குள் இடியப்பம் வந்துவிடும், மீன் சொதியோடு.
மீனோடு போனால் அந்தக் குளிசை
வயிற்றில் சும்மா குந்தியிருக்கும் என்றார் கிளினிக் டொக்டர்.
மட்டக்களப்பில் மீனை முந்துவதென்றால்
இருட்டோடு வெளிக்கிட வேண்டும்.

"நீங்களே குடுங்க,
ஆனா பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கவேணும்,
ஒப்பம் அவதான் வைப்பா" என்றா மேற்றன்.
பெயர், மருந்து, நேரம், கொடுத்தவர் ஒப்பம்.
நாலு கோட்டுக்குள் புருஷனுக்கு இடமில்லை.

குளிசை இறங்கி இருபது நிமிடத்தில் நடப்போம்.
குளியலறை வாசலில் அவள் கால் நிலத்தோடு ஒட்டிவிடும்.
இழுத்தால் விழுவாள்.
நான் குரலெடுப்பேன்:
"களுதாவளை... களுவாஞ்சிகுடி... கல்லாறு...
இறங்கிற ஆக்கள் இறங்குங்கோ!"
கல்லாற்றில் வலது கால் எழும்பும்.

மார்கழி மழையில் ஒரு நாள் நிலக்ஷியைக் காணவில்லை.
ஆறேகால் தாண்டியது. கொடுத்துவிட்டேன்.
தேத்தண்ணி எடுத்துக்கொண்டு கிறுகி வர,
கட்டிலடியில் நனைந்த தலையோடு நிலக்ஷி,
கையில் வெறும் கிண்ணம்.
யோகமலர் ஒன்றும் சொல்லவில்லை.
நீட்டுவதை வாங்குகிறவள் அவள், என்னையும் அப்படித்தான்.

மறுகா எட்டு மணிக்குத் தொடங்கியது.
தோள் நெளிந்தது. தலை சுழன்றது.
போர்வைக்குள் கால்கள் தன்பாட்டில் ஆடின.
நான் பிடிக்கப் பிடிக்க உடம்பு வழுகியது.
பதின்மூன்றாம் கட்டில் பத்தினிப்பிள்ளை அக்கா
எழுந்திருந்து கைகூப்பினா.
"அம்மாள் வந்திட்டா" என்றா.
சடங்குக் காலத்தில் கட்டுச் சொல்லக் கேட்பதுபோல்
மெல்லக் கேட்டா:
"தாயே, என்ர மகன் எப்ப வருவான்?"

ஆடிக்கொண்டே யோகமலர் சொன்னாள்:
"வெள்ளிக்கிழமை."

ஏன் சொன்னாள் என்று அவளுக்கும் தெரியாது.
டொக்டருக்குப் போன் எடுத்தார்கள்.
பின்னேரம் ஆட்டம் அடங்கி அவள் கல்லானாள்.
ஆர் குடுத்தது என்று மேற்றன் கேட்க
நான் என்றேன் நான்.
நானும் என்றாள் நிலக்ஷி, அழுதுகொண்டு.
வேலை போகும் என்று பயந்தவள்
அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இப்போது பதிவில் ஐந்தாவது கோடு.
அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் நிலக்ஷி கீறியது.
'உறவினர்' என்று மேலே.
டிக்கட் கணக்குத் தாளில் வைத்த அதே ஒப்பத்தை அதில் வைக்கிறேன்.
அதற்குப் பிறகுதான் கிண்ணத்தை அவள் என் கையில் தருகிறாள்.

இன்றைக்கு வெள்ளி.
பத்தினிப்பிள்ளை அக்கா தலைவாரி, பவுடர் போட்டு,
கதவைப் பார்த்துக் குந்தியிருக்கிறா.
கிண்ணத்தோடு என்னைக் கண்டதும் வாயைத் திறக்கிறா.
அவவுடைய குளிசை நிலக்ஷியின் தட்டில்,
இன்னும் நாலாம் கட்டிலில்.
பதின்மூன்றாம் கட்டிலின் பக்கத்தில்
ஐந்தாவது கோடு வெறுமையாகக் கிடக்கிறது.
அதில் கைவைக்க நான் ஆர்?

"வந்துகொண்டிருக்கு அக்கா" என்கிறேன்,
மருதமுனையில் பஸ் பழுதாகி நின்ற நாட்களின் குரலில்.
எது என்று அவ கேட்கவில்லை.
வாயை மூடிக்கொண்டா.

ஆறு முப்பத்தைந்து.
யோகமலரின் பெருவிரல் நின்றிருக்கிறது.